நாளைய வகுப்புக்கு இன்றிரவு நான்கு பக்கம்

கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆகிறது. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே பேச்சுதான் வருகிறது. "கிளாஸ்ல உக்காந்திருக்கோம்க்கா, ஒண்ணும் ஏற மாட்டேங்குது." சமூகவியல், பொருளாதாரம், வரலாறு என்று எந்தத் துறையானாலும் இதே கதை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, நல்ல மதிப்பெண்ணும் எடுத்து வந்தவர்கள். முதல் வாரமே ஆங்கிலப் பெயர்களும் கோட்பாடுகளும் தலைக்கு மேலே பறக்கின்றன. பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுகிறார், இவரும் தலையாட்டுகிறார். மூன்றாவது மாதம் சீனியரிடம் நோட்ஸ் வாங்கி ஜெராக்ஸ் எடுக்கிறார். ஐந்தாவது மாதம் தேர்வு. பாஸ் ஆகிவிடுகிறார், அல்லது அரியர் வைக்கிறார். வகுப்பில் ஒருமுறைகூட வாய் திறக்காமல் முதுகலை முடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டால், கை தூக்குபவர்கள் நிறையவே இருப்போம்.

இந்த மௌனத்தைப் பற்றித்தான் இந்த முறை எழுத நினைத்தோம். குறிப்பாக, வகுப்புக்கு முந்தைய இரவே பாடத்தைப் படித்துவிட்டுப் போவது என்கிற மிகச் சாதாரணமான பழக்கத்தைப் பற்றி. வன்கொடுமை வழக்கு, நில மீட்பு, இட ஒதுக்கீடு என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று ட்யூஷன் மாஸ்டர் மாதிரி ஆரம்பித்துவிட்டார்களே என்று சில தோழர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். இரண்டும் வேறு வேறு விஷயம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு வகுப்பு எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஐம்பது நிமிடம். பேராசிரியர் வருகிறார், வருகைப் பதிவு எடுக்கவே ஐந்து நிமிடம் போகிறது. மிச்ச நேரத்தில் ஒரு சிந்தனையாளர், அவருடைய கோட்பாடு, அதன் மீதான விமர்சனம் எல்லாம் முடிய வேண்டும். ஓரளவு தெரிந்தவர்களுக்குச் சொல்வது போலத்தான் பேச்சு போகும். உண்மையிலேயே சிலருக்கு ஓரளவு தெரிந்தும் இருக்கிறது. வீட்டில் ஆங்கில நாளிதழ் வருகிறது, சித்தப்பா கல்லூரியில் வேலை பார்க்கிறார், பள்ளியில் நல்ல நூலகம் இருந்தது. மேக்ஸ் வெபர் என்ற பெயர் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எப்போதோ அடிபட்டிருக்கும். அவர்களுக்கு வகுப்பில் கேட்பது இரண்டாவது முறை. நமக்கு அதுதான் முதல் முறை. முதல் முறை கேட்கும்போது பெயரும் வருடமும் மட்டும்தான் காதில் தங்கும். எதை ஏற்பது, எங்கே மறுப்பது என்று மனம் வேலை செய்யத் தொடங்குவது இரண்டாவது முறைதான். அவர்களுக்கு அந்த முதல் முறையை வீடு கொடுத்தது. நமக்கு அதை முந்தைய இரவு நான்கு பக்கம் கொடுக்கும். நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதையும் பேசிவிடுவோம். "கோட்டாவில் வருபவர்கள் தயாராகாமல் வருகிறார்கள்" என்று ஆசிரியர் ஓய்வறைகளில் பேசுவதை நாங்களும் காதால் கேட்டிருக்கிறோம். நாம் 'தயாராகிப் போங்கள்' என்று சொல்லும்போது அந்தப் பேச்சை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடாதா? ஆகாது. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் நடந்த பாகுபாட்டை விசாரிக்க 2006-ல் பேராசிரியர் சுக்தேவ் தோரட் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். மற்ற மாணவர்களுக்கு ஆசிரியர்களிடம் கிடைக்கும் உதவியும் நேரமும் தங்களுக்குக் கிடைப்பதில்லை என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் பெரும்பாலானோர் சொன்னதை 2007-ல் வந்த அந்த அறிக்கை பதிவு செய்திருக்கிறது. நாட்டிலேயே மிகக் கடினமான நுழைவுத் தேர்வுகளில் ஒன்றை எழுதி உள்ளே போனவர்கள் அவர்கள். அவர்களிடம் தயாரிப்பு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? ஆகவே, படித்துவிட்டுப் போனால் பாகுபாடு போய்விடும் என்று நாங்கள் சொல்லவில்லை. போகாது. ஆனால் பாகுபாடு நடக்கும்போது அது பாகுபாடுதான் என்று அடித்துச் சொல்கிற தெளிவு, பாடம் தெரிந்தவருக்கு இருக்கும். புரியாமல் உட்கார்ந்திருப்பவர் எல்லாவற்றையும் தன் குறை என்றே நினைத்துக்கொள்வார். விடுதிகளில் நாங்கள் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகைதான்.

அண்ணல் அம்பேத்கரின் படத்தை விடுதி அறைச் சுவரில் ஒட்டாதவர்கள் இல்லை. கோட்டும் கண்ணாடியும் கையில் புத்தகமுமாக நிற்கும் படம். ஆனால் 1916 மே 9 அன்று அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசர் என்ற பேராசிரியரின் மானுடவியல் வகுப்பில் ஒரு செமினார் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தார். 'இந்தியாவில் சாதிகள்' என்று இன்று நாம் படிக்கும் கட்டுரை அதுதான். அடுத்த வருடம் 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் அச்சானது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. நம்மில் பலர் முதுகலை முடித்து, செட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் வயது.

அந்தக் கட்டுரையை ஒருமுறை மாணவர் கண்ணோடு படித்துப் பாருங்கள். சாதியைப் பற்றி அதுவரை எழுதியிருந்த பெரிய ஆட்களை வரிசையாக எடுத்து வைக்கிறார். பிரெஞ்சு அறிஞர் செனார், ஆங்கில அதிகாரிகள் நெஸ்ஃபீல்டும் ரிஸ்லியும், பிறகு அமெரிக்காவில் படித்த மராத்தியர் கேட்கர். ஒவ்வொருவரும் சாதியை எப்படி விளக்கினார்கள், அதில் எது சரி, எது போதவில்லை என்று சொல்கிறார். அதன் பிறகுதான் தன் வாதத்துக்கு வருகிறார். சாதியின் உயிர்நாடி அகமணம், அந்த வேலியைக் காப்பாற்றத்தான் சதியும், கட்டாயக் கைம்பெண் கோலமும், குழந்தை மணமும் வந்தன என்கிறார். பள்ளியில் வகுப்பறை மூலையில் தனியாகச் சாக்குத் துணியில் உட்கார வைக்கப்பட்ட ஒருவர், உலகின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் எழுந்து நின்று, உங்கள் நிபுணர்களின் விளக்கம் போதாது என்று சொல்கிறார். சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்த நிபுணர்கள் எழுதியதை அவர் வகுப்புக்கு முன்பே முழுக்கப் படித்திருந்தார். வலியும் கோபமும் அவரிடம் ஏராளமாக இருந்திருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால், அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு அடுத்த மாணவரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

அவ்வளவு பெரிய ஆளை உதாரணம் காட்டினால் எப்படி, நாங்கள் சாதாரண மாணவர்கள் என்று தங்கைகள் சொல்வார்கள். சரி, நம் ஊர்ப் பக்கமே வருவோம்.

சமூகவியல் பாடத்திட்டத்தில் ஆந்த்ரே பெத்தேய் எழுதிய 'சாதி, வர்க்கம், அதிகாரம்' நூல் தவறாமல் வரும். 1965-ல் வெளியானது. தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் 1960-களின் தொடக்கத்தில் தங்கிச் செய்த ஆய்வு. ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்திருப்பார். தேர்வில் பதினைந்து மதிப்பெண் கேள்வியாக வரும். சாதியும் நிலமும் அரசியல் அதிகாரமும் முன்பு ஒரே கையில் இருந்தன, இப்போது பிரிந்து போகின்றன என்று நான்கு பாயின்ட் எழுதினால் மதிப்பெண் வந்துவிடும்.

விடுதியில் நாங்கள் நடத்தும் இரவு வாசிப்பில் ஒருமுறை அந்த நூலின் முன்பகுதியை எடுத்துக்கொண்டோம். ஆய்வாளர் எங்கே தங்கினார், யாரோடு பழகினார் என்று சொல்லும் பக்கங்கள். வழக்கமாக எல்லோரும் தாண்டிப் போகும் இடம். அவர் தங்கியது அக்ரகாரத்தில். அங்கே இருந்ததால் ஊரார் தன்னைப் பிராமணர்களோடு சேர்த்தே பார்த்தார்கள் என்றும், ஆதிதிராவிடர்களை நெருங்குவது தனக்கு அவ்வளவு எளிதாக இல்லை என்றும் அவரே நேர்மையாக எழுதியிருக்கிறார். படித்துக்கொண்டிருந்தபோது கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்ப இவரு நம்ம தெருவுக்குள்ள வந்து உக்காந்து பேசவே இல்லையாக்கா?"

அந்தக் கேள்வியை எழுதிக்கொள்ளச் சொன்னோம். அவள் பக்கத்து ஊர்தான் கீழ்வெண்மணி. அந்த நூல் வந்து மூன்றே வருடத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட ஊர். அன்றைக்கு அதுவும் தஞ்சை மாவட்டம்தான். அதிகாரம் கை மாறிக்கொண்டிருக்கிறது என்று எழுதிய அதே மாவட்டத்தில் இது நடந்தது. ஆய்வாளர் சேரியில் தங்கியிருந்தால் எதைப் பார்த்திருப்பார்? மறுநாள் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக வகுப்பில் கேட்டிருக்கிறாள். பேராசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாராம். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஆய்வாளர் எங்கே நிற்கிறார் என்பது அவர் பார்ப்பதை எப்படி மாற்றும் என்று மணி அடிக்கும் வரை பேசியிருக்கிறார். அடுத்த வகுப்பில் 1950-களின் தொடக்கத்தில் தஞ்சையில் ஆய்வு செய்த காத்லீன் கஃப் எழுதியவற்றையும் கொண்டு வந்தார்.

பாடத்திட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை. கைடிலும் இருக்காது. அது அவள் ஊரிலிருந்து வந்த அறிவு. நம் பிள்ளைகளிடம் இந்த மாதிரி அறிவு மூட்டை மூட்டையாக இருக்கிறது. சீனிவாஸ் சொன்ன 'டாமினன்ட் காஸ்ட்' என்பதை வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவார்கள். எண்ணிக்கை, நிலம், அரசியல் செல்வாக்கு என்று பட்டியல் போடுவார்கள். ஆதிக்கச் சாதி என்ற வார்த்தை நம் வாயில் தினம் புழங்குவதுதான். எந்த டீக்கடையில் யார் பெஞ்சில் உட்காரலாம், கோயில் திருவிழாவில் யார் வடம் தொடலாம், தனி ஊராட்சியில் தலைவர் நாற்காலியில் உண்மையில் யார் உட்காருகிறார் என்று பத்து வயதிலேயே தெரியும். ஆனால் அந்தக் கருத்து வகுப்பில் ஆங்கிலத்தில் வேகமாகக் கடந்து போகும்போது, அட இது நம் ஊரைப் பற்றித்தான் பேசுகிறது என்று கண்டுபிடிக்கவே நேரம் கிடைப்பதில்லை. கண்டுபிடிப்பதற்குள் அடுத்த யூனிட் வந்துவிடும்.

அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது வேறு விதமாக நடக்கிறது. ஆய்வகத்தில் நான்கு பேர் ஒரு குழு. செய்முறை தெரிந்தவர் பியூரெட்டைக் கையில் எடுப்பார், தெரியாதவர் ஓரமாக நின்று ரீடிங் எழுதுவார். செமஸ்டர் முழுக்க ரீடிங் மட்டுமே எழுதிய பிள்ளை செய்முறைத் தேர்வன்று முதல் முறையாகக் கருவியைத் தொடுகிறது. முந்தைய நாள் மேனுவலில் இரண்டு பக்கம் பார்த்துவிட்டுப் போனால், "இன்னைக்கு நான் பண்றேன்" என்று சொல்லிக் கருவியைக் கையில் வாங்கலாம். அதற்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை.

எப்படிப் படிப்பது என்று கேட்கிறவர்களுக்கு, எங்கள் விடுதி வாசிப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறோம். இதைவிட நல்ல வழி உங்களிடம் இருக்கலாம். மெஸ் முடிந்ததும் ஏழெட்டுப் பேர் கூடுவோம். மறுநாள் வகுப்பில் வரப்போகும் பகுதியில் நான்கு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். நாற்பது பக்கம் என்று தொடங்கியவர்கள் மூன்றாம் நாள் வருவதில்லை. ஒருவர் சத்தமாக வாசிப்பார். புரியாத இடத்தில் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். தெரிந்தவர் தமிழில் சொல்வார். யாருக்கும் தெரியாவிட்டால் பென்சிலால் கோடு போட்டுவிட்டு மேலே போவோம். எல்லா வார்த்தைக்கும் செல்போனில் அர்த்தம் தேடினால் ஒரு பத்தி முடிவதற்குள் தூக்கம் வந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் ஐந்தாறு சொற்களுக்கு மட்டும் பார்த்தால் போதும். 'எண்டாகமி' என்ற சொல்லோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டிய தம்பியிடம், "உங்க ஊர்ல சாதிக்குள்ளயே கட்டிக் குடுக்குறாங்கல்ல, அதுதான்டா" என்று இன்னொருவன் சொன்னான். "அட, இவ்ளோதானா?" என்றான். பிறகு சாதி மாறிக் காதலித்தவர்களை ஏன் வெட்டுகிறார்கள் என்று பேச்சு போய், அன்று பதினொரு மணி ஆகிவிட்டது.

முடிவில் ஆளுக்கொரு தாளில் எழுதுவோம். எழுதியவர் என்ன சொல்கிறார் என்று தமிழில் இரண்டு வரி. நம் ஊரில் பார்த்த எது இதோடு ஒத்துப்போகிறது, எது ஒத்துப்போகவில்லை. எந்த இடம் புரியவில்லை. இந்த மூன்றாவதுதான் மறுநாளைக்கு மிக முக்கியம். புரியாத இடத்தைக் குறித்துக்கொண்டு போகிறவருக்கு வகுப்பில் காத்திருக்க ஒன்று இருக்கிறது. பேராசிரியர் அந்த இடத்துக்கு வரும்போது காது தானாகத் திறக்கும். அவர் அதைத் தொடாமல் போனால் கேட்கலாம். ஆங்கிலம் வரவில்லை என்றால் தமிழில் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழில் கேள்வி கேட்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பந்தி பரிமாறிவிட்டு நள்ளிரவில் திரும்பும் தம்பிகளை எங்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து போகும் தங்கைகள் வீட்டுக்குப் போனதும் தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும். இவர்களிடம் போய் ராத்திரி பத்து மணிக்குப் படி என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் பஸ்ஸில் வருபவர்களில் மூன்று பேர் சேர்ந்து, ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் என்று செல்போனில் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துப் படிக்கிறார்கள். தனியாக முடியாததைப் பங்கு போட்டுக்கொண்டால் முடிகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் ஆயிரம் ரூபாயில் ஜெராக்ஸுக்கென்று ஐம்பது ரூபாய் ஒதுக்கிப் பொதுவில் போட்டு, ஒரே பிரதியை ஐந்து பேர் சுற்றிப் படிக்கிறார்கள்.

போராட்டக் களத்தில் நிற்கும் தோழர்களிடம் இன்னொரு விஷயம். ஆர்ப்பாட்டம், உண்மையறியும் குழு, கலெக்டர் ஆபீஸ் மனு என்று அலைவதில் வகுப்பு போகிறது. 75 சதவீத வருகை இல்லை என்று தேர்வு எழுத விடாமல் நிறுத்துவதற்கு நிர்வாகம் காத்திருக்கிறது. நன்றாகப் படிக்கும் செயல்பாட்டாளரை ஓரங்கட்டுவது அவர்களுக்குக் கஷ்டம். ஐந்து அரியர் வைத்திருப்பவரை ஒரு கடிதத்தில் முடித்துவிடுவார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். களத்துக்குப் போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. போகிற பஸ்ஸில் அந்த நான்கு பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களிடம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த முடியாது. எந்த வாரம் எந்தப் பகுதி, எத்தனையாவது பக்கம் என்று ஒரு வாரம் முன்பே எழுதிப் போடாத ஆசிரியர், பிள்ளைகள் படிக்காமல் வருகிறார்கள் என்று புலம்புவதில் அர்த்தம் இல்லை. "படிக்காதவங்க எந்திரிங்க" என்று நிற்க வைப்பதை நிறுத்த வேண்டும். யார் எழுந்து நிற்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். துறை நூலகத்தில் பாடநூலின் இரண்டு பிரதிகளை வெளியே எடுத்துப் போகாதபடி வைத்தாலே பாதிப் பேருக்குப் போதும். விடுதிகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். எட்டுப் பேர் இருக்கும் அறையில் ஒரே ட்யூப்லைட், அதுவும் கண் சிமிட்டுகிறது. படிக்க மேசை கிடையாது. மெஸ் கூடத்தை இரவு பத்து மணி வரை திறந்து வைக்கச் சொல்லி, எங்களோடு படிக்கும் விடுதி மாணவர்கள் முப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். வார்டன் இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். முன்பு தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் மனு கொடுத்தவர்கள் இப்போது விளக்குக்கும் கொடுத்திருக்கிறார்கள். ட்யூப்லைட் இன்னும் மாற்றவில்லை. இரண்டாவது மனு தயாராகிறது.

இந்த செமஸ்டர் எங்கள் வாசிப்பு 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில் தொடங்குகிறது. அண்ணலின் நூல் தொகுப்பில் முதல் தொகுதியிலேயே இருக்கிறது. தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் படிக்கலாம், தலைகீழாகவும் செய்யலாம். செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணி, மெஸ் கூடம். டார்ச் இருந்தால் கொண்டு வாருங்கள்.